ஈப்போ வழக்குக்கு வளவில் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் மலேயாவில், ஈப்போவில், வட்டிக்கடை வைத்திருந்தார். அறுபதுகளின் கடைசியில் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். காரைக்குடிக்குத் தந்தி வந்து சேர்ந்தபோது அங்கே காரியமெல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கடைக்கு வரவேண்டிய பாக்கிகளில் பெரியது ஒரு ரப்பர் தோட்டக்காரருடையது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து போய் அங்கே காலூன்றியவர். என் வீட்டுக்காரர் இருந்தவரை வட்டி தவறாமல் வந்தது. அவர் போனதும் நின்றுவிட்டது. கடிதம் போட்டால் பதில் இல்லை. கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள் நேரில் போய்க் கேட்டபோது, "செத்தவரோட கணக்கு செத்தவரோட போச்சு" என்றாராம்.

வழக்குப் போடுவதென்று முடிவானது. சொல்வதற்கு எளிது. இறந்தவருக்கு நான்தான் வாரிசு என்று அந்த நாட்டுக் கோர்ட் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் காகிதம், காகிதத்துக்கு முத்திரை, முத்திரைக்கு மெட்ராஸ் பயணம். என் தம்பிதான் கூட அலைந்தான். இதற்குள், தோட்டக்காரர் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்த புரோநோட்டின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கெடு தாண்டினால் அது வெறும் தாள். மேலாளுக்கு நான் எழுதிக் கொடுத்த பவர் கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி நேரத்தில் வழக்குப் பதிவாகிவிட்டது.

ஆனால் தோட்டக்காரர் கோர்ட்டில் கொடுத்த பதில், நான் நினைத்தே பார்க்காதது. கடனை அடைத்துவிட்டேன் என்றார். யாரிடம்? என் வீட்டுக்காரர் சொன்னபடி, ஈப்போவில் அவருக்கு இருந்த இன்னொரு பெண்ணிடம், அவள் பிள்ளையை வளர்க்க.

ஈப்போ வக்கீலின் கடிதத்தை எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த தம்பி அந்த இடத்தில் நிறுத்திவிட்டான். காது சிவந்துவிட்டது. "பச்சப் பொய்யி, ஆச்சி" என்றான்.

அந்தப் பெண் இருந்தது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது என் வீட்டுக்காரரே சொன்னார். நான் அன்றைக்கு அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது? உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஆஸ்துமா. கப்பல் ஏறக் கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதனால் என் சாட்சியத்தை வீட்டிலேயே எடுக்க ஈப்போ கோர்ட் கேட்டுக்கொண்டது; அதற்கு இங்கே ஒரு கமிஷனரை நியமித்தார்கள். மதுரை வக்கீல், வயதானவர். தோட்டக்காரருக்காக மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் வரப்போவதாகவும் தகவல் வந்தது.

சாட்சிக்கு முந்தின நாள் தம்பி என்னைத் தனியாக உட்கார வைத்தான். எனக்குத் தெரியும் என்பதை இதற்குள் அவன் ஊகித்திருந்தான்.

"அந்த மெட்ராஸ் வக்கீலு அதத்தான் கேப்பான். தெரியாதுன்னு சொல்லிருங்க. தெரியும்னு சொன்னா கேசும் போகும், புள்ளைக்கிக் கூடி வந்த சம்மந்தமும் போகும்."

என் மகளுக்கு நாச்சியாபுரத்தில் ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இங்கே எங்களுக்காக வைத்திருந்த உள்ளூர் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லக் கூடாது ஆச்சி. ஆனா எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் வீட்டின் நடு முற்றமான வளவில் மேசை போட்டார்கள். கமிஷனர் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் டைப் அடிக்கிற ஆள். தம்பி தூணோரம் நின்றான். மகள், வீட்டின் உள்பகுதியான ரெண்டாங்கட்டின் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள்.

மெட்ராஸ் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். எப்போது கல்யாணம், அவர் எத்தனை தடவை ஊருக்கு வந்தார், கடைசியாக எப்போது. சுற்றிச் சுற்றி வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"உங்க கணவருக்கு ஈப்போவில இன்னொரு குடும்பம் இருந்தது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

டைப் சத்தம் நின்றது. தம்பி இருமினான். எனக்கு மூச்சு இழுத்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"தெரியும்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். "யார் சொன்னாங்க?"

"அவுகளே சொன்னாக."

"அப்போ அந்தப் பொண்ணுக்கும் அவ பையனுக்கும் பணம் கொடுக்கணும்னு அவருக்கு எண்ணம் இருந்திருக்கு?"

"இருந்துச்சு. மாசாமாசம் தன் கையால குடுத்தாக. அடுத்த ஆளு கையில குடுத்து அனுப்புனா வெளிய தெரிஞ்சுபோகும்னு பயந்தவுக. எங்கிட்டச் சொல்லவே அவுகளுக்கு இத்தன வருசம் ஆச்சு. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதாக. அப்படிப்பட்டவுக, கடன் வாங்குனவருகிட்டப் போயி, அவளுக்குக் குடுங்கன்னு சொல்லுவாகளா?"

"அது உங்க யூகம்."

"என் புருசன எனக்குத் தெரியும்."

கமிஷனர் நான் சொன்னதை மெதுவாக இங்கிலீஷில் சொல்ல, டைப் ஓடியது. அதற்குப் பின் மெட்ராஸ் வக்கீல் அதிகம் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு தம்பி என்னிடம் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ரெண்டாங்கட்டுக்குப் போனேன். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளே கேட்டாள்.

"அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும்?"

"ஏழெட்டு இருக்கும்."

"அப்பச்சி போனது அவனுக்காச்சும் நேர்ல தெரிஞ்சிருக்கும்" என்றாள். அப்பாவை நினைத்து அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், அவர் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு.

நாச்சியாபுரத்துக்காரர்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தீர்ப்புக்குக் காத்திருந்த மாதங்களில் தபால்காரர் தெருவில் திரும்பினாலே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். தோற்றால் எதிராளியின் செலவையும் நாங்கள் கட்ட வேண்டும். வீட்டின் மேல் கைவைக்க வேண்டியிருக்கும்.

ஜெயித்தோம். ஈப்போ வக்கீல் விவரமாக எழுதியிருந்தார். நான் தெரியாது என்று சொல்லியிருந்தால், எனக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க, அன்றைக்கு அவர் என்னிடம் அழுததைக் கேட்டிருந்த எங்கள் பழைய வேலையாட்களைத் தயாராக வைத்திருந்தார்களாம். என்னைப் பொய்க்காரி ஆக்கி, வழக்கையே உடைப்பது அவர்கள் திட்டம். அதற்கு இடமில்லாமல் போயிற்று. இன்னொன்றும் எழுதியிருந்தார். அந்தப் பெண்ணை எங்கள் பக்கச் சாட்சியாகக் கூப்பிட்டபோது, தயங்காமல் வந்து கூண்டில் ஏறினாளாம். தோட்டக்காரர் ஒரு காசுகூடத் தந்ததில்லை, அவரைப் பார்த்ததே கோர்ட்டில்தான் என்று சொன்னாளாம். தோட்டக்காரர் பண ஆசை காட்டியும் அவள் மாறவில்லை என்று மேலாள் தனியாக எழுதினார்.

தீர்ப்பு கைக்கு வந்தும் பணம் வரவில்லை. தோட்டத்தை ஜப்தி செய்யப் போனபோதுதான் தோட்டக்காரர் தவணைக்கு இறங்கி வந்தார். வக்கீல் செலவு போக, அங்கிருந்து பணம் அனுப்ப இருந்த கட்டுப்பாடுகளால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் தவணையிலேயே ஒரு பங்கை அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்படி மேலாளுக்கு எழுதினேன். மகள்தான் முதலில் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம் இருந்தது.

தம்பி கொதித்துப் போனான். "கோர்ட்டே உங்களுக்குன்னு சொன்ன பணம். அவளுக்கு எதுக்கு?"

"அவ சொல்லலேன்னா நமக்கு ஏதுடா?" என்றேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அடுத்த வருஷம் மகளுக்கு நாட்டரசன்கோட்டையில் இடம் அமைந்தபோது, எல்லாம் விசாரித்துப் பேசி முடித்தது அவன்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஈப்போ விஷயத்தை மறைக்காமல் சொன்னதும் அவனே. ஈப்போவில் அந்தப் பெண்ணுக்குப் பங்கு போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் மறுபடி பேசவில்லை.