டக்கென்று உடையும் காது

ஊசி போடுமுன் நர்ஸ் தடவிய ஸ்பிரிட்டின் வாசனை, மயிலாப்பூரில் அப்பா வைத்திருந்த ரெக்கார்டிங் கடைக்குள் என்னைத் தள்ளிவிட்டது. ஸ்பிரிட் பஞ்சால் மெஷினைத் துடைத்து, கேட்டவர்களுக்குக் கேட்ட பாட்டையெல்லாம் கேசட்டில் பதிந்து, யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று அதன் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் காதை ஸ்குரூடிரைவரால் டக்கென்று உடைத்துத்தான் அப்பா கொடுப்பார்.

காப்பிரைட் சட்டம் என்று ஒருநாள் கடைக்கு சீல் வைக்க வந்தார்கள். அப்பாவை ஜீப்பில் ஏற்றவிருந்த ஏட்டு குரலைத் தாழ்த்தி, "என் கேசட் இன்னா ஆச்சு நைனா?" என்றார்.

"ரெடி சார்."

அந்த இடத்தில் இன்று போன் கடை. எல்லாப் பாட்டும் போனுக்குள், சட்டப்படி, சும்மா.

அன்று ஜீப்பில் ஏறுமுன், ஏட்டின் கேசட்டையும் அப்பா மறக்காமல் காதை உடைத்தே கொடுத்தார்.