மேல்மாடிக்கு ஆள் தேடிய மே மாதம்

ஜேர்மனியில் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 ஆகஸ்டில். இனம், மதம், வயது முதலியவற்றைப் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்றது அது. அடுத்த ஆண்டு மே மாதம், ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே அத்தானும் நானும் சேர்ந்து வாங்கிய வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விட முனைந்தோம். அத்தான் என் அக்காவின் கணவர். நடுமாடியில் அவர்கள், கீழே நாங்கள்.

வீடு பார்க்க வருபவர்களைப் பதிவது என் வேலை. எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே கேள்விகள்: தொழில், சம்பளத்தாள், எத்தனை பேர், எப்போது குடிவர வேண்டும். வந்த நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, ஏழு பேர் வந்தார்கள். தமிழர் ஒருவர்தான், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெண், கூடவே மகள். அவர் இருந்த வீட்டை உரிமையாளர் தன் மகனுக்கென்று திரும்பக் கேட்டிருந்தார். முப்பத்தோராம் திகதிக்குள் வெளியேற வேண்டும். தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

அத்தான் படியில் நின்று, ஊரில் எவடம் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றார் அவர்.

“அது தெரியுது தங்கச்சி. யாழ்ப்பாணத்திலை எந்தக் கோயிலடி?”

கோயிலடி தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அவருக்கும் அது தெரியும்.

“அண்ணை, இதோட பதினாலு வீடு பாத்திட்டன். வெள்ளைக்காரர் ஒருத்தரும் எந்தக் கோயிலடி எண்டு கேக்கேல்லை.”

அவர் போனபின், இப்படிக் கேட்கச் சட்டம் விடாது என்று அத்தானிடம் சொன்னேன். உறுதிப்படுத்திக்கொள்ள, அந்த வாரம் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் வழக்கறிஞரிடம் போனேன். உரிமையாளரோ உறவினரோ அதே வீட்டில் குடியிருந்தால் அந்த விதி கட்டுப்படுத்தாது என்றார் அவர். சாதி என்றால் என்ன என்பதை அவருக்கு விளக்க நான் முயலவில்லை.

அவர் சொன்னதை அத்தானிடம் மறைக்கவும் இல்லை. “பாத்தீரே, சட்டம் எங்களுக்கில்லை” என்றார். சட்டத்தின் பெயரால் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்: “சட்டத்தை விடுங்கோ அத்தான். நீங்கள் கேட்டது பிழை. நான் அவவுக்குத்தான் குடுக்கப்போறன்.”

“உம்மட விருப்பம்” என்று தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

உடனே அந்தப் பெண்ணை அழைத்தேன். சந்தோஷப்பட்டார். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எங்கே வைக்கலாம் என்று விசாரித்தார். பிறகு, அன்று கேள்வி கேட்ட அண்ணை எங்கே இருக்கிறவர் என்றார். நடுமாடியில் என்றேன்.

“அப்ப ஒவ்வொரு நாளும் நானும் பிள்ளையும் அவரின்ரை கதவைத் தாண்டித்தானே ஏறவேணும்?”

“ஓம்.”

“அப்ப வேண்டாம் அண்ணை. குறை நினைக்காதேங்கோ.”

வேறு வீடு கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். அன்று திகதி இருபது. அவருக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.