ஒரு மூடித் தண்ணீர்

என் சமையலறை ஜன்னலில் இருமல் மருந்துப் புட்டியின் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறது. அளவுக் கோடுகள் எப்போதோ அழிந்துவிட்டன. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று என் கணவர் ஒருமுறை அதைக் குப்பையில் போட்டார். சண்டை போட்டு மீட்டு வைத்தேன். அது பக்கத்துக் கட்டில் ஆபாவினுடையது.

பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் நான் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபா பேரணாம்பட்டிலிருந்து வருவாள். அவர்கள் வீட்டில் அக்காவை ஆபா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பத்தாம் வகுப்பு வயது, ஆனால் பஸ்ஸில் அவளுக்கு அரை டிக்கெட்தான் கிழிப்பார்கள். சிறுநீரகம் கெட்டால் உயரமும் நின்றுபோகும் என்று கண்டக்டருக்கு எப்படித் தெரியும்? "லாபம்தானேடி" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஊசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெஷினை நிறுத்தும் நேரத்தில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும் பாருங்கள், அதையும் பல்லைக் கடித்துத் தாங்கலாம். தாகத்தைத்தான் தாங்க முடியாது. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் தங்கிவிடும், நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் எங்களுக்குத் தண்ணீர் அளந்துதான். ஆஸ்பத்திரிக்குப் போனதும் எடை பார்ப்பார்கள். "ஜாஸ்தி" என்று சிஸ்டர் சொன்னால் எங்கள் அம்மாக்களின் முகம் செத்துப்போகும். அந்தச் சொல் விழாமலிருக்க நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஆபா தன் பங்குத் தண்ணீரை இந்த மூடியில் ஊற்றி ஊற்றித்தான் குடிப்பாள். டம்ளரில் குடித்தால் ஒரே மடக்கு, மூடியில் குடித்தால் விருந்து என்பாள்.

ரமலான் வந்தது. நோன்பு இருக்கக் கூடாது, பேரீச்சம்பழம் வாயில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊசிக்கெல்லாம் அழாதவள் அன்று அழுதாள். பிறகு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாடும் மாத்திரையும் வழக்கம்போல. தண்ணீரில் கடைசி ஒரு மூடியை மட்டும் மசூதியிலிருந்து சாயங்காலப் பாங்கு கேட்கும் வரை தொடமாட்டாள். "இந்த மாசம் எங்க தெருவே என்ன மாதிரி தாகமா கீதுடி. நான் மட்டும் தனியா இல்ல" என்றாள். அப்படியொரு பெருமை அவளுக்கு! பாங்கு கேட்டதும் அவள் அம்மா கட்டிலருகே உட்கார்ந்து நோன்பு திறப்பார். ஆபா ஊசி குத்தாத கையில் மூடியைப் பிடித்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள்.

"இன்னா கேட்ட?" என்று ஒருநாள் குடைந்தேன்.

"நோன்பு தொறக்கற நேரத்துல கேட்டா கெடைக்கும்னு அம்மா சொல்வாங்க. எனக்குக் கேட்டுக் கேட்டு பேஜாராப் போச்சு. அதான் உனக்குக் கேட்டேன். தண்ணி ஜாஸ்தி குடுக்கச் சொல்லி."

அடுத்த ரமலானுக்கு அவள் இல்லை. மூடியை அவள் அம்மாதான் என் கையில் வைத்தார்.

பிறகு என் அம்மா தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தந்தாள். ஆபரேஷன் முடிந்து சில நாளில் டாக்டர் வந்து சொன்னார்: "இனிமே தண்ணி ஜாஸ்தி குடிக்கணும்மா." அவர் பயந்துபோகும் அளவுக்கு அழுதேன்.

இப்போது நாள் முழுக்கப் பாட்டிலும் கையுமாகத் திரிகிறேன். ஆனால் சாயங்காலப் பாங்கு கேட்டால் பாட்டிலை வைத்துவிட்டு மூடியை எடுக்கிறேன். எனக்கென்று கேட்க ஒன்றுமில்லை. வேலூரில் இந்த நேரம் மெஷினோடு படுத்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளைக்காகக் கேட்கிறேன். பெயர் தெரியாது. ஜாஸ்தி என்று மட்டும் கேட்கிறேன்.