மூன்று பட்டனும் கறுப்பாக இருந்த வெள்ளிக்கிழமை

நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள். "நீ பேசற மாதிரியே எழுதுனா யாருக்கும் புரியாது ஆயா" என்று அங்கங்கே திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும், நடந்ததை மாற்றாமல் இருந்தால் சரி. கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காம் இது. கைநாட்டுக்காரி சொல்வதை அவர்கள் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பாக வருகிறது.

செங்கம் ரோட்டில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஆயா வேலை பார்த்தேன். பெருக்குவது, துடைப்பது, ஊசி போடும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்வது, டாக்டரம்மா எழுதித் தரும் சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது. வேலைக்குச் சேர்ந்த அன்று "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "அஞ்சாவது வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, கையில் இரண்டு பிள்ளைகள். அப்போது பத்தாவது வரைக்கும் என்று சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

டோக்கன் மேசையில் இருந்தவர் அமீர் பாய். வெள்ளைத் தாடி, நல்ல அத்தர் வாசனை, ஓயாத கிண்டல். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் அந்த மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வேங்கிக்காலில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்த கல்பனா என்கிற பெண்தான் டோக்கன் புரோகிராம் எழுதிக் கொடுத்தது. திரையில் மூன்று பட்டன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ரங்கோலிப் பொடி மாதிரி பளிச்சென்று இருக்கும்.

பாய் சாப்பிடப் போகும்போதும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போதும் நான்தான் அந்த மேசையில் உட்கார வேண்டும். முதல் நாள் அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. குங்கும நிறமாக இருக்கிறதே, மங்களமாகத் தொடங்குவோம் என்று சிவப்பை அமுக்கிவிட்டேன். முதலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் டோக்கன் போய்விட்டது.

"இன்னாம்மா முனிம்மா, டாக்டர பாக்கறதுக்கு முன்னாடியே ஆள அனுப்பிச்சிட்டியே!" என்றார் பாய். பெரியவரே சிரித்துவிட்டார்.

"சிவப்புன்னா நல்லதுதானே பாய்?"

"நெத்தியில இருந்தா நல்லது. இங்க அது ரத்து. பச்ச புது ஆளு, மஞ்ச பழைய ஆளு, சிவப்புல கையே வெக்காத."

அதோடு பாடம் முடிந்தது. எழுத்து எதற்கு? நிறம் போதும், நம்பர் எனக்கு அடையாளம் தெரியும், பெயரெல்லாம் பாய் வந்து அடித்துக்கொள்வார். வெள்ளைக்காரர்களுக்குக்கூட நான் டோக்கன் போட்டிருக்கிறேன். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா என் விரல் வேகத்தைப் பார்த்துக் கைதட்டினாள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

பிறகு பாய்க்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, இன்னொன்று சரியில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தால் தண்ணீர் கொட்டும். கல்பனா வந்து கம்ப்யூட்டரையே கறுப்பாக்கி, எழுத்தை மஞ்சளாக்கி, பெரிதாகவும் ஆக்கியது. பாய்க்கு எல்லாம் தெரிந்தது. பட்டனில்தான் சிக்கல்.

"ஏம்மா, மஞ்ச பட்டன் இருக்குது, அதுல எழுத்த காணோமே!"

கல்பனா குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. "தப்பு என்னுதுதான் பாய். கம்ப்யூட்டர் முழுக்க ஒரே மாதிரி கலர் வரதுக்கு தீம்னு பேரு. நான் பட்டனுக்கு மட்டும் என் இஷ்டத்துக்குக் கலர் அடிச்சிட்டேன், எழுத்து கலர தீம் கிட்ட விட்டுட்டேன். இப்ப தீம் மஞ்ச எழுத்து குடுக்குது. மஞ்ச மேல மஞ்ச. பாதி எனக்கு, பாதி உங்களுக்குன்னு வெச்சா இப்படித்தான் ஆகும்."

"இப்ப இன்னா பண்ணுவ?"

"நான் அடிச்ச பெயின்ட்ட எடுத்துடறேன். நீங்க தீம எப்படி மாத்துனாலும் பட்டனும் அதுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும்."

பாய்க்கு ஒரே சந்தோஷம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எனக்கு இருந்த ஒரே அடையாளம் போய்விட்டது. மூன்று பட்டனும் கறுப்பு, மூன்றிலும் மஞ்சள் எழுத்து. வாயைத் திறந்தால் அஞ்சாவது வரைக்கும் என்று சொன்ன பொய் வெளியே வரும். பொய் சொல்லிச் சேர்ந்தவளை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? பட்டன் இருக்கும் இடத்தைக் குறி வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் எழுத்து பெரிதானதில் பட்டன்களும் பெரிதாகி, இடம் பற்றாமல் ஒன்று கீழ் வரிசைக்கு இறங்கிவிட்டிருந்தது. எது இறங்கியது என்று எனக்கெப்படித் தெரியும்?

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மாவுக்குக் கிளம்பினார். முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கலசபாக்கம் பக்கத்திலிருந்து ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். புதிதாக ஒருவர் வந்து நின்றார். மனசுக்குள் அருணாசலா என்று சொல்லிக்கொண்டு ஒரு பட்டனை அமுக்கினேன். திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. பெட்டி வந்தால் முதலில் இருப்பதை அமுக்குவதுதான் என் வழக்கம். அமுக்கினேன். திரையில் இருந்த பட்டியல் துடைத்த மாதிரி காலியாகிவிட்டது. நான் அமுக்கியது ரத்து, அதற்குப் பிற்பாடு சேர்த்திருந்த அந்தப் பெட்டியில் முதலில் இருந்தது 'எல்லாரையும்' என்று பிறகுதான் சொன்னார்கள்.

உள்ளே மணி அடிக்கிறது, வெளியே கூப்பிட ஒரு நம்பர் இல்லை. "காலையிலேர்ந்து குந்திக்கினு கீறோம், இன்னாம்மா பண்ற?" என்று ஒருவர் சத்தம் போட்டார். பிள்ளைக்காரி அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா வெளியே வந்தார்.

"முனியம்மா, எந்தப் பட்டன அமுக்கினீங்க?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

முப்பது பேர் முன்னால் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"அப்ப மாத்திரை? எட்டு வருஷமா சீட்டப் பாத்துத்தானே எடுத்துக் குடுக்கறீங்க?"

"நீங்க எழுதற எழுத்த ஒரு படம் மாதிரி ஞாபகம் வெச்சிக்குவேன். எந்தப் படத்துக்கு எந்த நிறத்து அட்டைன்னு தெரியும். இதுவரைக்கும் தப்பு பண்ணதில்லம்மா."

"கம்பெனிக்காரன் அட்டையோட நிறத்த மாத்திட்டா?"

முந்தின நாள்தானே மூன்று பட்டனும் நிறம் மாறியிருந்தன. இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அவர் கேட்பதற்கு முன்பே மேசைமேல் வைத்துவிட்டேன்.

வெளியே சனங்களே தங்களுக்குள் வரிசை பேசிக்கொண்டார்கள். "எனுக்கு முன்னாடி அந்தப் பச்சப் பொடவ, அவங்களுக்கு முன்னாடி தாத்தா" என்று ஆளுக்கு ஆள் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து காய்ச்சல் பிள்ளையை முதலில் அனுப்பினார்கள். அந்த சனங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பாய் வந்தார், விஷயத்தைக் கேட்டார். கல்பனாவுக்குப் போன் போட்டு, "பழையபடி கலர் அடிச்சிடும்மா. என் கண்ணு எப்படியோ போவட்டும், முனிம்மா பொழப்பு போவக் கூடாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்பனா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தது. "பாய் கண்ணும் போக வேணாம், உங்க பொழப்பும் போக வேணாம். பட்டன் மேல படம் போட்டுடறேன். படத்தோட கோடும் தீம்ல வர எழுத்து கலர்லயே இருக்கும். கறுப்பு வெச்சாலும் தெரியும், வெள்ள வெச்சாலும் தெரியும். என்ன படம்னு நீங்களே சொல்லுங்கக்கா."

என்னைப் பார்த்து யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். "புது ஆளுக்கு நிக்கற ஆளு போடும்மா. பழைய ஆளுக்குக் குந்திக்கினு இருக்கற ஆளு. அவங்களுக்குத்தான் இங்க எது எங்கன்னு தெரியும், வந்த உடனே குந்திப்பாங்க. ரத்துக்கு, முதுகக் காட்டிக்கினு போற ஆளு."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கல்பனா அப்படியே வரைந்தது. போகிற ஆளை மற்ற இருவரிடமிருந்து எட்டத் தள்ளி, திரையின் ஓரத்தில் வைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். கணக்கு முடித்து அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். "சாவி என்கிட்ட இருக்கட்டும். மாத்திரை குடுக்க நர்ஸ் ஒருத்தர வெச்சிக்கறேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்க, டோக்கன் நீங்கதான்" என்றார். அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தேன்.

பட்டன் செய்கிற பிள்ளைகளே, அதன் முன்னால் உட்காருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நிறம் அடியுங்கள். கல்பனாவும் அன்றைக்குப் பாயை மட்டும்தான் கேட்டது. குற்றம் அதன் மேல் இல்லை, நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போல எதையாவது மறைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இருந்தால், முப்பது பேர் கூடுவதற்குள் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அந்த மூன்று பட்டனும் கறுப்பாகாமலே இருந்திருந்தால் சாவி என் இடுப்பிலேயே இருந்திருக்கும். என்றைக்காவது ஒரு நாள் மாத்திரை அட்டையின் நிறம் மாறியிருக்கும், நானும் எடுத்துக் கொடுத்திருப்பேன். எட்டு வருஷத்தில் என் கையால் மாத்திரை வாங்கிப்போன ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அருணாசல மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.