உம் கொட்டிய மணியக்காரர்

தன் மனைவி வேறு ஊருக்கு வேலைக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி மணியக்காரருக்குக் கால் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பரணில் இருந்த பெரிய பெட்டி கூடத்துக்கு இறங்கி வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முதல் நாள் அதைச் சுற்றிக்கொண்டு போனார். மறுநாளும் சுற்றிக்கொண்டு போனார். அதற்கும் மறுநாள் கட்டைவிரல் அதில் இடித்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவளுடைய வெள்ளைக் கோட்டுகள் உள்ளே மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

“யாரு ஊருக்குப் போறாங்க?”

“நான்தான். திங்கக்கிழமை.”

“எங்க?”

“புதுக் கிளினிக்குக்கு. போன மாசமே சொன்னேனே? டாக்டர் வெளியூர்ல ஒரு கிளை திறக்கிறாரு, ரெண்டு வருஷம் கூட இருந்து நடத்த என்னைக் கூப்பிடுறாரு, போகட்டுமான்னு கேட்டேன். நீங்க ‘ம்’னீங்க.”

“நானா?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா? சாப்பிடும்போது ஒரு தடவ கேட்டேன். துணி காயப்போடும்போது ஒரு தடவ கேட்டேன். எல்லாத்துக்கும் ‘ம்’தான். சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.”

அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். பிறர் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பதில் நெடுநாள் அனுபவம் உள்ளவள். அவளே ஏமாந்துபோனாள் என்றால், குற்றம் அந்த எழுத்தின்மேல்தான் இருக்க வேண்டும். தமிழில் இத்தனை சிறிய எழுத்து இத்தனை பெரிய குடும்பங்களைத் தாங்கி நிற்பதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் ஆராயவில்லை. சரி என்றாலும் ‘ம்’. மேலே சொல் என்றாலும் ‘ம்’. காதில் விழவில்லை, ஆனாலும் நிறுத்தி வம்பை வளர்க்காதே என்றாலும் அதே ‘ம்’தான்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. போகாதே என்று சொல்லவேண்டியது கணவனின் கடமை என்பது மணியக்காரருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தேவையான வருத்தத்தைத் தேடி உள்ளே கை விட்டுப் பார்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை. சட்டைப் பையில் இல்லாத சாவியைத் துழாவுவதுபோலக் கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மணியக்காரர் என்பது பட்டப்பெயர். முன்னொரு காலத்தில் அந்தப் பெயருடையவர்கள் ஊர்களை ஆண்டார்கள். இவர் ஆண்டது மணிகளை. தொலைதூரப் பேருந்துகளுக்கு இணையத்தில் பயணச்சீட்டு விற்கும் கம்பெனி ஒன்றில், சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு இவர்தான் அதிகாரி. எந்தச் சர்வருக்கு எந்த அளவைத் தாண்டினால் மூச்சு முட்டுகிறது என்று கொள்வது, அப்போது யாருடைய போனில் மணி அடிப்பது, எவ்வளவு உரக்க அடிப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்து அதனிடம் சொல்லிவைப்பது இவர் வேலை. அளவுக்குள் இருந்தால் திரையில் பச்சை. தாண்டினால் சிவப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணியக்காரர் நியாயஸ்தராக இருந்தார். நினைவகம் எழுபது சதவீதம் நிரம்பினால் மணி. டிஸ்க்கில் இடம் குறைந்தால் மணி. பதில் வரத் தாமதித்தால் மணி. அலுவலகம் கல்யாண வீடுபோல் கலகலத்தது. முதலில் மணி அடித்ததும் ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். பிறகு, மணி அடிக்கிற போன்மேலேயே தேநீர்க் கோப்பையை வைத்தார்கள். புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதையில் கடைசியில் புலியாவது வந்தது. இங்கே அதுவும் வரவில்லை.

மேலாளர் ஒருநாள் அழைத்தார். “காது வலிக்குதுப்பா. லிமிட்டைக் கொஞ்சம் ஏத்தக் கூடாதா?”

ஏற்றினார். எழுபது எண்பதாயிற்று, எண்பது தொண்ணூறாயிற்று. தொண்ணூறைத் தொட்டாலும் உடனே அலறக் கூடாது, சற்று நேரம் அங்கேயே நின்றால்தான் அலற வேண்டும் என்று இன்னொரு விதி வந்தது. சில மணிகள் அடியோடு நீக்கப்பட்டன. அலுவலகத்தில் அமைதி திரும்பியது. சர்வர்களின் ஆரோக்கியம் வெகுவாக முன்னேறிவிட்டதாக மேலாளருக்குப் பாராட்டு வந்தது. சர்வர்கள் அப்படியேதான் இருந்தன. நோய் என்பதற்கு நாம் வைத்திருந்த இலக்கணம்தான் முன்னேறியிருந்தது.

இவ்வளவு சிறந்த முறையை அலுவலகத்தோடு விட்டுவிட மனிதனுக்கு மனம் வருமா? மனைவியின் குரல் ஓர் அளவுக்குமேல் உயர்ந்து, சற்று நேரம் அங்கேயே நின்றால்தான் மணியக்காரரின் தலை நிமிரும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பச்சை. அவள் கொஞ்ச காலம் உரக்கப் பேசிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகப் பேசினாள். பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

வியாழக்கிழமை காலை மணியக்காரர் திரைமுன் உட்கார்ந்திருந்தார். வயல்வெளிபோல எங்கும் பச்சை. டேட்டாபேஸ் அக்கா விறுவிறுவென்று வந்தாள். தரவுத்தளத்துக்குப் பொறுப்பானவள், மணியக்காரரைவிட வயதில் சிறியவள். ஆனால் அவள் திட்டும் விதத்தைக் கேட்டவர்கள் தாமாகவே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

“மணியம், புக்கிங் செத்துக் கிடக்கு. ஒருத்தருக்கும் டிக்கெட் விழல. போன் எடுக்குற பிள்ளைங்க எல்லாம் அழாத குறை. உங்க திரை என்ன சொல்லுது?”

“பச்சைன்னு சொல்லுதுக்கா.”

“எது பச்சை?”

“எல்லாமே. இதோ பாருங்க, நம்ம சாஃப்ட்வேர் நிமிஷத்துக்கு ஒரு தடவ ‘இருக்கியா’ன்னு கேக்குது. சர்வர் ‘இருக்கேன்’னு சொல்லுது.”

“சர்வர் இருக்குய்யா! அதுக்குள்ள ஓடவேண்டிய புக்கிங் புரோகிராம் உறைஞ்சுபோய் உக்காந்திருக்கு. வாசல் காவலாளிகிட்ட ‘உள்ள எல்லாரும் சௌக்கியமா’ன்னு கேட்டா அவன் சௌக்கியம்னுதான் சொல்வான். சமையக்கட்டு பத்தி எரியறது அவனுக்கு எப்படித் தெரியும்?” குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். “அடப்பாவமே! காலைலேர்ந்து இது உம் கொட்டிக்கிட்டு இருந்திருக்கு. கதையே கேக்காம உம் கொட்டியிருக்கு. நீங்களும் அத நம்பி உக்காந்திருக்கீங்க!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மணியக்காரர் சிரிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டதும் பிழைத்துக்கொண்டது. அடுத்து, மரபுப்படி, பழி யாருடையது என்று பார்க்கக் கூட்டம் கூடியது.

“இதுக்கு ஒரு அலர்ட் போட்டிருக்கணுமே?” என்றார் மேலாளர்.

“போட்டிருந்தேன் சார். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க.”

“நான் எப்பய்யா சொன்னேன்?”

“தொந்தரவா இருக்கு, எடுன்னீங்க.”

“தொந்தரவத்தானே எடுக்கச் சொன்னேன்? அலர்ட்டை எடுக்கச் சொல்லலியே?”

இந்த வேறுபாட்டின் நுட்பத்தைச் சபை வியந்தது.

“இருக்கியான்னு கேட்டுப் பிரயோஜனமில்ல,” என்றாள் அக்கா. “ஒரு வேலையைச் செஞ்சு காட்டச் சொல்லணும். நம்ம சாஃப்ட்வேரே ஒரு பயணி மாதிரி உள்ள போய் டிக்கெட் போடட்டும். டிக்கெட் விழுந்தா பச்சை. உடனே அத கேன்சல் பண்ணிடட்டும். விழலன்னா அப்ப மணி அடிங்க, ஊரே எழுந்திரிக்கட்டும்.”

அன்று மதியமே மணியக்காரர் அந்தப் பயணியைப் படைத்தார். எந்த ஊருக்கும் போகாமல் ஓயாமல் சீட்டு எடுத்து ஓயாமல் ரத்துசெய்யும் ஆள். “பொண்டாட்டிகிட்ட கோச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வர்ற மாப்பிள்ள மாதிரி இருக்கான்,” என்றாள் அக்கா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி ஒரு துண்டைப் பெட்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டிருந்தாள். மணியக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அலுவலகத்தில் கற்ற பாடத்தைக் கையாண்டு பார்ப்பதென்று வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தார்.

“இன்னிக்கு எத்தனை பல்லு?”

அவள் கை நின்றது. “என்னது?”

“எத்தனை பேருக்குப் பிடுங்கினீங்கன்னு கேட்டேன்.”

“வேலை போயிடுச்சா?”

“இல்ல.”

“உங்க தம்பி எதாவது பணம் கேட்டாரா?”

“இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கேக்குற ஆளா நீங்க?” என்று எழுந்து வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை என்பதில் அவளுக்குச் சற்று ஏமாற்றம்கூட இருந்தது.

“போகாதன்னு சொன்னா நிப்பியா?”

“சொல்லுங்க, பாக்கலாம்.”

“போகாத,” என்றார் மணியக்காரர். சொல் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் வேறு வீட்டு விலாசத்துக்கு வந்த பார்சலைத் தவறாக வாங்கி நீட்டுவதுபோல் இருந்தது.

அவள் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் முகத்தைப் பார்த்தாள். “இது உங்க வாய் சொல்லுது. உள்ளேர்ந்து யாரும் சொல்லல.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. வருத்தமா இருக்கணும்னு தெரியுது. ஆனா இருக்க மாட்டேங்குது. இல்லாதத இருக்குன்னு சொல்லி உன்ன நிறுத்தக் கூடாதேன்னும் பாக்குறேன். நீ பெட்டியில துணி வைக்கிறத ரெண்டு நாளா பாத்துக்கிட்டுப் போயிருக்கேன். எனக்கு ஒண்ணுமே ஆகல. அது சரியில்லன்னு மட்டும் தெரியுது.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க மூச்சு விடாம இவ்வளவு பேசினது இதான் மொத தடவ,” என்றாள். பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். “ஊசி போட்டதும் எங்ககிட்ட வர்ற எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. கன்னம் இருக்கா இல்லையான்னே தெரியலம்மான்னு. அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்புவேன். மரத்துப்போயிருக்கும்போது எதையும் மெல்லாதீங்க, கன்னத்தையே கடிச்சு வெச்சுக்குவீங்க, அப்பத் தெரியாது, அப்புறம்தான் தெரியும்னு. உங்களுக்கும் அதேதான். இப்பப் போய் எதையும் முடிவு பண்ணாதீங்க.”

“அப்ப நீ போறியா?”

“போறேன். எனக்குப் போகவும் ஆசையா இருக்கு. அங்க எந்தச் சுவத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம்னு என்னைத்தான் கேக்குறாங்க. நான் சொன்னதத்தான் அடிச்சிருக்காங்க. வலிச்சா போன் பண்ணுங்க.”

“வலிக்கலன்னா?”

“வலிக்கலன்னும் சொல்லலாமே. அதுவும் எனக்குத் தெரியணும்ல?”

திங்கட்கிழமை மணியக்காரர் பெட்டியைப் பேருந்தின் வயிற்றுக்குள் ஏற்றினார். அவள் ஜன்னல் வழியாக, எரிவாயுவை மூடச் சொன்னாள். மூடுவதாகச் சொன்னார். பேருந்து போயிற்று. வீட்டுக்கு வந்து எரிவாயுவை மூடினார். சமைக்கும்போது திறந்து, மறுபடி மூடினார். சாப்பாடு சாப்பாடாகவும் தூக்கம் தூக்கமாகவும் இருந்தன. தினமும் போன் செய்து “இன்னும் இல்ல” என்றார். “சரி, வெந்நி குடிங்க,” என்று வைத்துவிடுவாள். வீடு அவரிடம் எதையும் கேட்கவில்லை. குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லாததால் அது குறை என்றே அவருக்குத் தோன்றவில்லை. திறந்து கிடந்த கதவுக்கு வெளியே யாரும் இல்லை என்பதும் சில நாள் கழித்துத்தான் தோன்றியது.

ஒரு பிற்பகலில், அலுவலக மாடிப்படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். காரணம் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் யாரும் இல்லை. புதிதாகத் துடைத்த ஈரம்தான் இருந்தது. எங்கோ குறுகுறுத்தது. போனை எடுத்தார்.

“என்ன, இந்த நேரத்துல? வலிக்குதா?”

“தெரியல. என்னமோ இருக்கு.”

“எங்க? மேல் வரிசையா, கீழ் வரிசையா?”

மணியக்காரர் கேள்வியை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொண்டு யோசித்தார். “கீழ்னு நெனக்கிறேன்.”

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. பிறகு அது அடங்கி, கிளினிக் குரல் வந்தது. “கூசுதா, குடையுதா?”

“குடையற மாதிரிதான்.”

“எப்பேர்ந்து?”

“இப்பதான். படியில.”

“சரி, இருங்க. இங்க ஒருத்தர் வாயத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்காரு. அவர முடிச்சுட்டு வந்துடறேன். போனை வெச்சுடாதீங்க.”

போனை எங்கோ தட்டின்மேல் வைத்தாள். உலோகம் கிணுகிணுத்தது. தண்ணீர் ஓடியது. சின்னதாக ஓர் இயந்திரம் கீச்சிட்டது. யாரோ ஓர் ஆள் ‘ஆ’ என்றார். “அவ்வளவுதான், அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்,” என்று அவள் அவரிடம் சொல்வது தூரத்திலிருந்து கேட்டது. மேல்மாடியில் மேலாளர், “மணியக்காரர் எங்கப்பா?” என்று யாரையோ விசாரித்தார்.

மணியக்காரர் ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இயந்திரம் நின்றது, மறுபடி தொடங்கியது. அந்த ஆள் துப்பினார். இவர் காத்திருந்தார்.