பார்க்காத இடத்தை எழுதிவைத்த ஹனீஃப் சார்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு ஹனீஃப் சாரின் மைத்துனர் போன் செய்தார். "மச்சான் போயிட்டாருங்க மேடம். பஸ்ஸுக்குக் கிளம்பி ஷூ போட உக்காந்தாரு. எந்திரிக்கல" என்றார். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கையில் ஸ்டேப்ளர் இருந்தது. மேசையில் மீதி இருந்த ஆறு வேலை அட்டைகளையும் பின் அடித்து, எண் வரிசையில் அடுக்கி, பெட்டியில் வைத்தேன். அதன்பிறகுதான் மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். நான் சாதாரணமாகச் சொன்னதால் வேறு யாரோ ஹனீஃப் என்று நினைத்ததாகப் பிறகு அவர் சொன்னார்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்கள் கையிலும் இது போகும் என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். ஓசூருக்கு வெளியே, கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில், சிறு விமானங்களைப் பழுது பார்க்கும் கூடம் எங்களுடையது. ஹனீஃப் சார் அங்கே ஆய்வாளர். நான் திட்டப் பிரிவில் இருக்கிறேன். எந்த விமானத்துக்கு எந்தச் சோதனை எப்போது வருகிறது என்று பார்த்து, அதற்கான வேலை அட்டையை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அந்த அட்டையில் சொன்னபடி திறந்து பார்த்து, "பறக்கலாம்" என்று கையெழுத்திடுவது அவர் வேலை. பதினோரு ஆண்டுகள் இப்படிப் போயின. கூடத்தில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள். நான் மட்டும் ஹனீஃப் சார் என்பேன். அவர் என்னை மேடம் என்பதை ஒருநாளும் விடவில்லை.

விமானத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. அது அரித்தால் இரும்பைப் போலச் சிவக்காது. பெயின்ட் லேசாக உப்பும். சுரண்டினால் சுவரில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி வரும். அதற்குள் உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். இறக்கையைத் தாங்கும் பாகத்தில் இது வந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அதனால்தான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தே தீர வேண்டும் என்று கட்டாய ஆணை உண்டு. ஹனீஃப் சார் ஒரு கையில் டார்ச்சும், இன்னொரு கையில் நீளக் கம்பி நுனியில் மாட்டிய சிறு கண்ணாடியுமாக விமானத்துக்குள் பாதி உடலை நுழைத்துக்கொண்டு கிடப்பார். வெளியே கால் மட்டும் தெரியும். அவரைத் தேடிப் போகிறவர்கள் அந்தக் காலிடம்தான் பேசுவார்கள்.

ஒருமுறை இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றில் ஒரு கிண்ணி அளவு இடத்தில் பெயின்ட் நிறம் மங்கியிருந்தது. அதற்காக மூன்று நாள் பிடித்து வைத்தார். பெயின்ட்டை நீக்கினார். உருப்பெருக்கியில் பார்த்தார். உலோகத்தின் தடிமனை அளக்கும் கருவி பெங்களூரிலிருந்து வரும்வரை விடவில்லை. கடைசியில் ஒன்றுமே இல்லை. விமானத்துக்காரரின் ஆள் என்னிடம் வந்து, "மூணு நாளும் வேஸ்ட்டுங்களா?" என்று கேட்டார். நான் அதை அப்படியே ஹனீஃப் சாரிடம் சொன்னேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். கை துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்கு மூணு நாளு ஆச்சு மேடம். இருந்திருந்தா மூணே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்" என்றார். சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவையாகப் பேசுகிறாரா இல்லையா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இனி சொல்லப்போவது பலருக்கு அரைகுறையாகத் தெரிந்தது. முழுசாகச் சொல்ல இருந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும்.

ஒரு பயிற்சிப் பள்ளியின் விமானம் சோதனைக்கு வந்திருந்தது. கடலோர ஊரில் பறக்கும் விமானம். பயணிகள் தலைக்கு மேலே இரண்டு இறக்கைகளையும் இணைத்துத் தாங்கும் குறுக்குப் பாகம் ஒன்று உண்டு. ஸ்பார் என்பார்கள். சத்தம் கேட்காமல் இருக்க அதன்மேல் ஃபோம் ஒட்டியிருக்கும். அந்த முறை பார்த்தது வேறொரு ஆய்வாளர். ஃபோமை உரித்ததும் அடியில் வெள்ளை வெள்ளையாகக் குழிகள். ஒன்றரை ஆண்டுக்கு முன் அதே இடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் ஹனீஃப் சார்.

அவர் வந்து பார்த்தார். பழைய அட்டையை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"மேடம், இதுல ஃபோம் இல்லாத எடத்தைப் பாக்கச் சொல்லியிருக்கு. இன்னிக்குக் கார்டுல ஃபோமை முழுசா உரிச்சிட்டுப் பாக்கச் சொல்லியிருக்கு. எப்ப மாறுச்சு?"

கணினியில் தேடினேன். அவர் அன்று கையெழுத்திடுவதற்கு ஒன்பது நாள் முன்பே மாறியிருந்தது. தயாரிப்பாளர் அனுப்பிய திருத்தம் என் மின்னஞ்சல் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. பழைய பதிப்பையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்முன் பதிப்பு எண்ணைச் சரிபார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. அவரும் பார்க்கவில்லை. அதே பழைய அட்டையை வைத்து அந்தக் காலத்தில் இன்னும் நான்கு விமானங்களை அவர் பறக்க விட்டிருந்தார்.

மேலாளர் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நடந்ததை ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதிவிடலாம் என்றார் ஹனீஃப் சார். மேலாளர் நல்ல மனிதர், ராமநகரம் பக்கத்துக்காரர். பதற்றம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "பேடா ஹனீஃப், பேடா, வேண்டாம். அவசரப்படாதீங்க" என்றார். கடல் காற்று பட்ட விமானம், ஒன்றரை ஆண்டில் புதிதாக அரித்திருக்கலாம், அப்படி எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை என்றார். மற்ற நான்கு விமானங்களுக்கும் முறைப்படி அடுத்த சோதனை நான்கு மாதத்தில் வருகிறது. அப்போது சரியான அட்டையை வைத்துப் பார்த்துவிடலாம். இதைச் சொன்னது மேலாளர் இல்லை. நான்தான் சொன்னேன்.

ஹனீஃப் சார் என்னைப் பார்த்தார். "அந்த நாலு மாசம் அதுல உக்காந்து போறவங்க யாரு மேடம்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. விவரம் கேட்பதுபோலவே கேட்டார்.

அன்று மதியமே நான்கு விமானங்களையும் தரையில் நிறுத்தச் சொல்லித் தகவல் போனது. மறுநாள் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். எழுதி முடிப்பதற்கு முன் என் மேசைக்கு வந்தார்.

"ரிப்போர்ட்ல உங்க பேரும் வரும் மேடம்."

"எதுக்கு சார்? கையெழுத்து உங்களுதுதானே?"

நான் அப்படித்தான் கேட்டேன். மாற்றி எழுத மனமில்லை.

"கையெழுத்து என்னுதுதான். அதான் என் பேரு மேல இருக்கு. ஆனா பழைய கார்டு எப்படி வந்துச்சுன்னு எழுதலைன்னா அது திரும்பியும் வரும்."

அவருடைய கையெழுத்திடும் அதிகாரத்தை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தார்கள். கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். கருவி அறைக்குப் போக வேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்கார்ந்திருந்த மேசையைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் கருவி அறையில் போல்ட்டை அளவோடு முடுக்கும் ஒவ்வொரு டார்க் ரெஞ்சையும் துடைத்து, சோதனைத் தேதி எழுதிய சீட்டைப் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தார் என்று மற்றவர்கள் சொல்லித் தெரியும். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

நான்கு விமானங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். இரண்டு சுத்தம். மூன்றாவதில் லேசான அரிப்பு. தேய்த்து, அளந்து, சரிசெய்ய முடிந்தது. நான்காவது வர இரண்டு மாதமாயிற்று. அதில் ஃபோமை உரித்தபோது உலோகம் ஏடு விட்டிருந்தது. தயாரிப்பாளர் அனுமதித்த எல்லையையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்த ஸ்பாரைக் கழித்துக் கட்டினார்கள்.

அந்த விமானத்தில் தினமும் மாணவர்களை ஏற்றிக்கொண்டு பறந்த பயிற்றுநர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். செய்தி கேட்டு ரயிலேறி வந்திருந்தார். ஹனீஃப் சாரைப் பார்க்க வேண்டும் என்றார். வேறு ஆள் இல்லாததால் நானே கருவி அறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போனது அன்றுதான்.

"எவ்வளவு நாளா அப்படி இருந்திருக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தெரியாதுங்க. என்னால சொல்ல முடியாது" என்றார் ஹனீஃப் சார். "நான் பாக்கும்போதே இருந்திருக்கும். நான் பாக்கல."

அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. உட்காரலாமா என்று கேட்டார். ஹனீஃப் சார் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். அந்தப் பெண் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "நிறுத்தச் சொன்னதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரை முதல் முறையா தனியா அனுப்பினேன், அதுலதான்" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஹனீஃப் சார் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "பேச வேண்டாம் மேடம். எதிர்ல உக்காந்து சாப்பிடலாமில்ல" என்றார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். இருவரும் சாப்பிட்டோம். அவர் டப்பாவில் கத்திரிக்காய் குழம்பு இருந்தது. எனக்குக் கொஞ்சம் வைத்தார். மன்னிப்பு என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அதன்பிறகு எப்போதும்போல ஆனோம் என்றுதான் வெளியே தெரிந்திருக்கும். உண்மையில் என் கோபம் முழுதும் போகவில்லை. அவர் செய்தது சரி என்று எனக்கு நன்றாகத் தெரிந்தபிறகும் கொஞ்சம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று இந்த வாரம் தேடிப் பார்த்தேன். எதுவுமே தட்டுப்படவில்லை. கை மரத்துப்போனால் சூடு தெரியாதே, அப்படி.

கிருஷ்ணகிரியில் அவர் வீட்டுக்கு நாங்கள் வேனில் போனோம். ஹனீஃப் சார் தினமும் இதே சாலையில் பஸ்ஸில் வந்து போனவர். அவருடைய அத்தா துணி மூட்டையோடு அஞ்செட்டி வரை சந்தை சந்தையாகப் போன வியாபாரி என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் தூங்குவது குடும்ப வித்தை என்பார். மதியத் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். ஆண்கள் பின்னால் போனார்கள். நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். அழுகை வரவில்லை. ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி மும்தாஜ் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீங்கதான் சித்ரா மேடமா? அவரு சொல்லுவாரு" என்றார்.

"உங்க பேரை எழுதறதுக்கு முன்னாடி வீட்ல வந்து சொன்னாருங்க. எழுதாதீங்க, புள்ளக்குட்டிக்காரி, பாவம்னு சொன்னேன். சரி சரின்னு கேட்டுக்கிட்டாரு. போயி எழுதிட்டு வந்துட்டாரு." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நானும் ஒரு வாரம் அவரோட பேசலீங்க மேடம்."

"அப்புறம் நீங்களா பேசுனீங்களா, அவரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு அதெல்லாம் தெரியாது. நான் பேசலைங்கறதே அவருக்குத் தெரியல" என்றார். அறையிலிருந்த ஒரு பெண் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மும்தாஜும் லேசாகச் சிரித்தார். பிறகு அழத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது எது என்று சொல்லி முடிக்கிறேன். ஐந்து மாதம் கழித்து அவர் மறுபடி ஆய்வுக்குத் திரும்பியதும் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் கையால் ஒரு வரி கூடுதலாக எழுதத் தொடங்கினார். இந்த இடம் கண்ணாடிக்கு எட்டவில்லை, இந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை, அதனால் பார்க்கவில்லை என்று. விமானத்துக்காரர்கள் பயந்துபோவார்கள் என்று மேலாளர் முணுமுணுத்தார். "பாத்ததை எழுதறது சுலபம் சார். பாக்காததை எழுதினாத்தான் அடுத்து வர்றவன் அங்க பாப்பான்" என்றார் ஹனீஃப் சார். ஓராண்டு இப்படியே போனபின், நான் யாரையும் கேட்காமல் எங்கள் அட்டையின் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன். "பார்க்க முடியாத இடங்கள்" என்று தலைப்பு வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். கட்டம் சின்னதாக இருக்கிறது, இன்னும் இரண்டு வரி வேண்டும் என்றார். பெரிதாக்கிக் கொடுத்தேன்.

புதன்கிழமை ஓர் ஆய்வாளர் முடித்த அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கட்டம் காலியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன் மேடம், எழுத ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்ப எல்லாத்தையும் பாத்தேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் கட்டத்தின் தலைப்பை மறுபடி படித்தார். பிறகு பேனாவை மூடி, டார்ச்சை எடுத்துக்கொண்டு விமானத்துக்குத் திரும்பிப் போனார்.