உஸ்கென் அரிசியின் பெயர்

எங்கள் புருல் வாய் திறந்தால் மலையில் பனி சரியும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது மட்டும் நிஜம்.

பிஷ்கெக்கில் நடந்த வணிகப் பேச்சுவார்த்தையில் நம் கிர்கிஸ் நாட்டின் சார்பில் அவள்தான் உட்கார்ந்தாள். ஒப்பந்தம் பேச வந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஒயின் பெயர்களை நாம் யாரும் தொடக்கூடாது என்றார்கள். நம் உஸ்கென் ஊரில் விளையும் அரிசியின் பெயருக்கும் அதே காவல் வேண்டும் என்றாள் புருல். இல்லாவிட்டால் எங்கோ விளைந்ததெல்லாம் அந்தப் பெயரில் விலைபோகும், உஸ்கென் விவசாயி கைகட்டி நிற்பான்.

"அரிசி வேற, ஒயின் வேற மேடம். 'உஸ்கென் மாதிரி'ன்னு போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றார் அவர்களின் தலைவர்.

"சரிங்க. எங்க ஒயின் புட்டியில 'உங்க ஊர் மாதிரி'ன்னு போட்டுக்கறோம். சம்மதமா?"

"அதெப்படி!" மனிதர் எழுந்தேவிட்டார்.

"உட்காருங்க. எங்க விவசாயிக்கும் இப்படித்தான் கோபம் பொத்துக்கிட்டு வரும்."

அவர் உட்கார்ந்தார். உஸ்கென் பெயர் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது!

"பெரியம்மா, ரொம்ப அளக்காதீங்க," என்றாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த புருல். "அடைப்புக்குறிக்குள்ளதான் ஏத்தியிருக்காங்க. அப்படின்னா இன்னும் ஒத்துக்கலைன்னு அர்த்தம். அடுத்த சுற்றுக்கு நான் மறுபடி போகணும்."